ஓட்டு வீட்டை இடிக்காமல் குடியேறுவது எப்படி?

ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "பாகம் பிரித்ததில், இவருடைய தாத்தா கட்டிய ஓட்டு வீடு எங்கள் பங்குக்கு வந்திருக்கிறது. மாயவரத்துக்குப் பக்கத்தில், நூறு வயது இருக்கும். மாமியாருக்கு 76 வயது. பையன்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகிறவர்கள். இவருக்கு வீட்டிலிருந்தே வேலை. சென்னை வாடகையை விட்டுவிட்டு அங்கேயே போய்விடலாம் என்று நினைக்கிறோம். வந்து பார்த்த என்ஜினீயர்கள் எல்லாருமே இடித்துக் கட்டுங்கள் என்கிறார்கள். எங்களுக்கு மனசு வரவில்லை. அட்டாச்டு பாத்ரூம், ஏசி, மாடுலர் கிச்சன் எல்லாம் இந்த வீட்டில் வருமா?"

வரும். மூன்றும் வரும். ஆனால் அவை கடைசியில்தான் வரவேண்டும். பழைய வீட்டுக்குக் குடிவருகிறவர்கள் பெரும்பாலும் தரைக்கு டைல்ஸ், மேடைக்குக் கிரானைட், சுவருக்குப் பெயிண்ட் என்று கண்ணில் படுவதில் ஆரம்பிக்கிறார்கள். கையில் இருந்தது கரைந்த பிறகு கூரை ஒழுகுகிறது. கும்பகோணம், மாயவரம், திருவாரூர்ப் பக்கம் 25 வருஷமாகப் பழைய வீடுகளைப் பார்த்து வருகிறேன். இடிந்து கிடக்கிற வீட்டில் விசாரித்தால் கதை ஒன்றாகத்தான் இருக்கும்: எங்கோ தண்ணீர் புகுந்தது, யாரும் ஏறிப் பார்க்கவில்லை. செங்கல், சுண்ணாம்பு, தேக்கு என்று கட்டிய வீட்டுக்கு நூறு ஒரு வயதே இல்லை. ஆகவே தண்ணீர் போகிற வழியிலேயே நாமும் போவோம். முதலில் கூரை, அடுத்து சுவர், பிறகு தரை. குழாயும் வயரும் அதற்கப்புறம்.

எந்த வேலைக்கும் முன்னால் ஒரு மழைக்காலத்தை அந்த வீட்டில் பார்த்துவிடுங்கள். ஐப்பசி அடைமழையில் நாலு நாள் போய்த் தங்கினால் போதும். ஒரு டார்ச் லைட், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு டப்பா சாக்பீஸ் எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறதோ அதுவரை சாக்பீஸால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதியை எழுதுங்கள். பங்குனியில் மறுபடி போய்ப் பாருங்கள். கோட்டுக்குக் கீழே இறங்கிக் காய்ந்திருந்தால் அது மழைத் தண்ணீர். அங்கேயே நின்றால் தரையிலிருந்து உறிஞ்சுகிறது, அல்லது எங்கோ குழாய் கசிகிறது. கோடு சுவரின் மேல்பாதியில் தொங்கினால் கூரையைப் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஈரம் என்று சொன்னதும் 'வாட்டர்ப்ரூஃப் கெமிக்கல் அடித்துவிடலாம்' என்கிற ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சுவரில் வெடிப்பு இருந்தால் பயந்துவிடவும் வேண்டாம், பூசி மறைக்கவும் வேண்டாம். வெடிப்புக்குக் குறுக்கே விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்ட் பால் வைத்து ஒட்டித் தேதி போடுங்கள். ஆறு மாதம் கழித்தும் கண்ணாடி முழுசாக இருந்தால் அது என்றோ நகர்ந்து ஓய்ந்த வெடிப்பு. கண்ணாடி விண்டிருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. அஸ்திவாரத்தைப் பார்க்க ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயரைக் கூப்பிட்டே ஆக வேண்டும்.

இனி கூரை. உங்கள் வீட்டில் இரண்டு வகையும் இருக்கலாம். முற்றத்தைச் சுற்றி ஓட்டுச் சார்ப்பு, அறைகளுக்கு மேலே மரம் போட்ட தட்டு மெத்தை.

ஓடு சீமை ஓடா நாட்டு ஓடா என்று பாருங்கள். சீமை ஓடு என்று நாம் சொல்வது மங்களூர் ஓட்டை. பாசல் மிஷன் 1865-ல் மங்களூரில் தொழிற்சாலை போட்டு ஆரம்பித்தது. ஓட்டைத் திருப்பினால் முதுகில் தொழிற்சாலையின் பெயரும் ஊரும் பொறித்திருக்கும். அதைப் படிப்பது அழகுக்காக இல்லை. ஒவ்வொரு தொழிற்சாலை ஓட்டுக்கும் காடியின் ஆழமும் நீளமும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். இரண்டு கம்பெனி ஓட்டைக் கலந்து போட்டால் ஒன்றில் ஒன்று சரியாக உட்காராது, அங்கேதான் ஒழுகும். எல்லா ஓட்டையும் இறக்கி, பெயர்வாரியாகப் பிரித்து அடுக்கி, எண்ணிக்கை அதிகமுள்ள ஓட்டைத் தெருப் பக்கச் சரிவுக்கும் அடுத்ததைக் கொல்லைப் பக்கச் சரிவுக்கும் போடச் சொல்லுங்கள். குறைவதை, வீடு இடிக்கிற இடத்தில் பழைய ஓடாக வாங்கலாம். வாங்கும் முன் ஒரு ஓட்டைத் தூக்கி விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் எடுங்கள். சொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல்.

ஓட்டை இறக்கியதும்தான் மரத்தின் நிஜ நிலை தெரியும். கைமரத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். கெட்டுப்போவது இரண்டு முனை, அதுவும் சுவருக்குள் புதைந்த முனையும் இறவாணத்து முனையும். ஸ்க்ரூ டிரைவரை அங்கே அழுத்துங்கள். கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்த முனையை வெட்டி எறிய வேண்டியதுதான். அதற்காக முழுக் கைமரத்தையும் மாற்ற வேண்டாம். கெட்ட பகுதியை மட்டும் அறுத்து, அதே மாதிரி பழைய தேக்கில் ஒட்டுப்போட்டு, இரண்டு பக்கமும் இரும்புத் தகடு வைத்து போல்ட் முடுக்கலாம். நல்ல ஆசாரி அரை நாளில் ஒன்றை முடிப்பார். திரும்ப வைக்கும்போது முனையைச் சுற்றிச் சிமெண்ட் வைத்து அடைக்கக்கூடாது. கருங்கல் துண்டின் மேல் உட்கார வைத்து, சுற்றிலும் அரை அங்குலம் காற்றோட்டம் விடுங்கள். சிமெண்டுக்குள் புதைத்த மரம் ஈரத்தைத் தேக்கி வைத்து அதே இடத்தில் மறுபடி உளுக்கும்.

ஓட்டுக்குக் கீழே வெப்பம் இறங்குகிறது, எலி ஓடுகிறது, பல்லி விழுகிறது என்று எல்லாரும் சொல்வதுண்டு. அதற்கு வழி இது: கைமரத்துக்கு மேல் மரப்பலகை பரப்பி, அதன் மேல் அலுமினியம் பூசிய வெப்பத்தடுப்பு விரிப்பு, அதன் மேல் ரீப்பர் அடித்து ஓடு. கீழிருந்து பார்த்தால் மரக்கூரை, மேலிருந்து பார்த்தால் பழைய ஓடு. இடையில் காற்று போக வழி இருந்தால் சித்திரை மாதத்திலும் கூடத்தில் உட்காரலாம். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் வேண்டாம். ஒரு ஓடு நழுவினாலும் வெளியே தெரியாது. தெரிகிறபோது சீலிங்கே கீழே கிடக்கும்.

'ஓட்டைப் பிரித்துவிட்டு அதே சுவரில் கான்கிரீட் தளம் போட்டுவிடலாம்' என்று யாராவது சொல்வார்கள். கணக்குப் பாருங்கள். 5 அங்குலக் கான்கிரீட் தளம் சதுர அடிக்கு ஏறத்தாழ 30 கிலோ. ஓட்டுக் கூரை மரத்தோடு சேர்த்து 8 முதல் 10 கிலோ. மூன்று மடங்கு பாரத்தைச் சுண்ணாம்புச் சுவர் தலையில் ஏற்றுகிறோம். அதே கணக்கில்தான் தண்ணீர்த் தொட்டியும். 1000 லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன். அது கொல்லையில் தனி இரும்புத் தாங்கியில் நிற்கட்டும்.

தட்டு மெத்தையை மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில் மூலைவாக்காக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டி, மேலே செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு, அதற்கு மேலே தட்டோடு. இதில் நடக்கும் தவறு என்னவென்றால், ஒழுகும்போதெல்லாம் பழையதைப் பெயர்க்காமல் மேலே மேலே ஒரு வரி தட்டோடு பதித்துக்கொண்டே வருவது. மூன்று தலைமுறைத் தட்டோடு ஒன்றன்மேல் ஒன்றாக இருந்த மெத்தையை நான் பெயர்த்திருக்கிறேன். கீழே கட்டைகள் வில்லாக வளைந்திருந்தன. பாரத்தை இறக்கியதும் சில கட்டைகள் கொஞ்சம் நிமிர்ந்துகூடக் கொடுத்தன. உங்கள் மெத்தையின் ஓரத்தில் ஒரு சாண் இடத்தை வெட்டிப் பார்த்து எத்தனை அடுக்கு என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்தது சுவர். இதில் நான் செய்த தப்பைச் சொல்லியாக வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் கும்பகோணத்தில் ஒரு வீடு. அடிச்சுவர் பொரிந்து பொரிந்து உதிர்ந்தது. பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு மூன்றடி உயரத்துக்கு நல்ல சிமெண்ட் பூச்சு, அதில் வாட்டர்ப்ரூஃப் கலவை, தரைக்கு விட்ரிஃபைடு டைல்ஸ். வீட்டுக்காரருக்கு ரொம்ப சந்தோஷம். இரண்டாவது மழைக்கு ஃபோன் வந்தது. ஈரம் மூன்றடியைத் தாண்டி நாலரை அடிக்குப் போய், ஸ்விட்ச் போர்டுக்குள் இருந்தது.

நடந்தது இதுதான். அந்தக் காலத்துச் சுவருக்கு அடியில் ஈரம் தடுக்கும் அடுக்கு கிடையாது. மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சின் வழியாக வெளியே விடும், காய்ந்துகொள்ளும். நான் வெளியேறும் வழியைச் சிமெண்டால் அடைத்தேன், தரை வழியாகப் போனதையும் டைல்ஸால் அடைத்தேன். தண்ணீர் மேலே ஏறிற்று. கூடவே உப்பும் ஏறி, காய்கிற இடத்தில் பூத்து, செங்கல்லையே அரித்தது. என் செலவில் கொத்தி எடுத்தேன். அன்றிலிருந்து பழைய சுவருக்குச் சிமெண்ட் கிடையாது என்பது என் கட்டளை.

உங்கள் வீட்டில் யாராவது முன்பே சிமெண்ட் பூசியிருந்தால் அதைக் கொத்தி எடுங்கள். செங்கல் இடுக்கில் உப்பு இருந்தால் உலர்ந்த பிரஷால் தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள், கழுவ வேண்டாம். சுவரை அப்படியே காய விடுங்கள். சுவர்க் கனத்தில் ஒரு அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது ஒரு தோராயக் கணக்கு. இரண்டு பக்கமும் திறந்திருந்தால் பாதி நாளில் முடியும். இந்தக் காத்திருப்புதான் யாருக்கும் பிடிக்காதது.

பூசுவதற்குச் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் நல்லது. தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதில் சுட்ட சுண்ணாம்பைப் போட வேண்டும். கொதித்துத் தெறிக்கும், பையன்களைக் கிட்டே விடாதீர்கள், வேலை செய்கிறவருக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். அடங்கிய பிறகு குறைந்தது இரண்டு வாரம் தண்ணீருக்குள்ளேயே ஊறட்டும். வெண்ணெய் மாதிரி ஆனதை எடுத்து 1 பங்குக்கு 3 பங்கு மணல். அடிச்சுவருக்கு மணலில் ஒரு பங்கைக் குறைத்துச் சலித்த செங்கல் தூள் சேர்த்தால் ஈரத்திலும் இறுகும். கடுக்காயும் வெல்லமும் பத்து நாள் ஊறிய தண்ணீரை விட்டுக் குழைப்பது நம் ஊர் முறை. அரை அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் அப்பக்கூடாது. பூசிய பின் ஒரு வாரம் ஈரச் சாக்கு. கத்திரி வெயிலில் பூசவே வேண்டாம்.

மேஸ்திரி நடுவில் வந்து, "கால் சட்டி சிமெண்ட் போட்டுக்கறேன் சார், சட்டுன்னு புடிச்சுக்கும்" என்பார். கூடாது என்று சொல்லுங்கள். மறுநாள் சிமெண்ட் மூட்டை சைட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கோவில் திருப்பணியில் சுண்ணாம்பு வேலை பார்த்த கொத்தனார் கிடைத்தால் விடாதீர்கள். ஆறு நாள் சம்பளம் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம்.

பெயிண்டிலும் இதே விதி. வால் புட்டி, பிளாஸ்டிக் எமல்ஷன் எல்லாம் சுவரின் மூச்சை அடைப்பவை. சுண்ணாம்பு வெள்ளைதான், வேண்டுமானால் அதிலேயே கலர்ப் பொடி கலந்து. கதவு, தூண், ஜன்னலில் பல வருஷத்து எனாமல் பெயிண்ட் அடுக்கடுக்காக இருக்கும். அதை உரித்தால் கீழே தேக்கு. ஆனால் உப்புத்தாள் போட்டு வறட்டுத் தேய்ப்பாகத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு நம் நாட்டில் கடுமையான வரம்பு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயிண்ட் தூளில் ஈயம் இருக்கலாம், சிறுபிள்ளைகளுக்கு அது நஞ்சு. கெமிக்கல் ஸ்ட்ரிப்பர் பூசி ஈரமாகவே வழித்து எடுக்க வேண்டும், அந்த வாரம் பிள்ளைகள் வீட்டில் இருக்கக்கூடாது. கொல்லைப்புறச் சார்ப்பில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் உடைக்காமல், நனைத்து, முழுசாக இறக்கச் சொல்லுங்கள்.

தரை விஷயத்தில் உங்களுக்கு யோகம் இருக்கலாம். சிவப்பு ஆக்ஸைடு தரை என்றால் அதன் மேல் டைல்ஸ் ஒட்டுவது பாவம், அதைவிட முக்கியமாக முட்டாள்தனம். ஈரக் கதை முன்பே சொன்னேன். தவிர, தரை இரண்டு அங்குலம் உயர்ந்தால் எல்லாக் கதவின் அடியையும் அறுக்க வேண்டும், நிலைப்படி அமுங்கிப்போகும். ஆசிட் ஊற்றிக் கழுவுவதை நிறுத்துங்கள். வெறும் தண்ணீரில் துடைத்து, வாரத்தில் ஒரு நாள் துணியில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் மூன்று மாதத்தில் முகம் பார்க்கலாம். பெயர்ந்துபோன அறைக்கு மட்டும் புதுத் தரை. ஆத்தங்குடிக் கல் போட ஆசை இருந்தால் அங்கே போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடித் தட்டின் மேல் கையால் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது அது, சூளையில் சுடுவதில்லை. ஆகவே ஆசிட் அதற்கும் ஆகாது.

முற்றத்தை மூடலாமா என்று எல்லாருமே கேட்பார்கள். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் போன முதல் வாரம் கேட்பீர்கள். குரங்கும் கொசுவும்தான் காரணம் என்றால் இரும்புச் சட்டத்தில் வலை போட்டால் போதும். மழைச் சாரல் காரணம் என்றால், சார்ப்பு ஓட்டுக்கு மேலே ஒன்றரை அடி உயர்த்திப் பாலிகார்பனேட் ஷீட்டைப் போட்டு, சுற்றிலும் வெறும் வலையாக விடுங்கள், சூடான காற்று அந்த வழியாக ஏறிப் போகும். ஓட்டோடு ஒட்டி மூடினால் கூடம் அடுப்பாகிவிடும். என்னைக் கேட்டால் முதல் ஒரு வருஷம் வலை மட்டும் போட்டு இருந்து பாருங்கள். வெளிச்சத்துக்குப் பணம் கொடுத்துப் பழகியவர்களுக்கு முற்றம் கொஞ்ச நாள் புரியாது.

முற்றத்தில் பார்க்க வேண்டிய நிஜமான ஆபத்து ஜலதாரை. மழைத் தண்ணீர் முற்றத்திலிருந்து ரேழிக்கு அடியில் ஓடித் தெருச் சாக்கடையில் விழுகிற மாதிரி அந்தக் காலத்தில் கட்டினார்கள். அப்போது தெரு வீட்டைவிடத் தாழ்வு. பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில் பல தெருக்கள் திண்ணைப் படியையே விழுங்கிவிட்டன. இப்போது பெருமழையில் தெருத் தண்ணீர் அதே ஜலதாரை வழியாக முற்றத்துக்கு வருகிறது. உங்கள் வீட்டில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். தெருப் பக்கம் போகத் தயங்கினால் அந்த வாயை அடைத்து, சரிவைக் கொல்லைப் பக்கம் திருப்பி, சரளையும் மணலும் நிரப்பிய வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றில் விடுங்கள். முதல் மழை ஓட்டைக் கழுவி வரும், அதை மட்டும் வெளியே திருப்பிவிட ஒரு வால்வு வேண்டும். மழைநீர் சேகரிப்பைத் தமிழகம் 2003-லேயே கட்டாயமாக்கிவிட்டது. உங்கள் வீட்டில் தனியாகச் சேமிப்புத் தொட்டி வெட்டக்கூடத் தேவையில்லை, கிணறு இருக்கும். அதன் வாயில் இரும்புக் கிராதி போட்டுவிடுங்கள், பையன்கள் இருக்கிறார்கள்.

இப்போது நீங்கள் கேட்ட பாத்ரூம். காமிரா உள் என்கிற தனி அறையைத்தான் மாமியாருக்கு ஒதுக்குவீர்கள் என்று நினைக்கிறேன். அதை ஒட்டி நெல் குதிர் இருந்த அறை ஒன்று இருக்கும். இப்போது யார் நெல் கொட்டப்போகிறார்கள்? அதுதான் உங்கள் அட்டாச்டு பாத்ரூம். ஒரே ஒரு நிபந்தனை: எந்தக் குழாயும் பழைய சுவருக்குள் போகக்கூடாது. பழைய சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நாலரை அங்குலச் செங்கல் சுவர் ஒன்றை உள்ளே எழுப்புங்கள். குழாய், டைல்ஸ், கெய்சர் எல்லாம் அந்தப் புதுச் சுவரில். கசிந்தாலும் புதுச் சுவரோடு போகும். இடைவெளிக்கு மேலேயும் கீழேயும் காற்று போக ஓட்டை விடுங்கள்.

கழிவுக் குழாய் 110 மில்லிமீட்டர். பத்தடிக்கு இரண்டரை அங்குலம் சரிவு வேண்டும். குதிர் அறையிலிருந்து கொல்லைத் தொட்டிக்கு 40 அடி என்றால் 10 அங்குலம் இறங்க வேண்டும். இந்தப் பக்கத்து வீடுகளின் குறடு உயரம் இரண்டடிக்குக் குறையாது, ஆகவே கஷ்டமில்லை. செப்டிக் டாங்க் கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி இருக்கட்டும். பையன்களுக்கும் விருந்தாளிக்கும் இன்னொரு பாத்ரூமை மாட்டுக்கொட்டில் இருந்த இடத்தில் புதிதாகவே கட்டிக்கொள்ளலாம், அங்கே சிமெண்டும் கான்கிரீட்டும் தாராளமாகப் போடுங்கள். புதுச் சுவரைப் பழைய சுவரோடு பிணைக்காமல் இடையில் ஒரு அங்குலம் விடுங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் அமுங்காது.

மாடுலர் கிச்சனும் கொல்லைப் பக்கத்து இரண்டாங்கட்டில்தான். பழைய சமையலுள் சுவரில் அலமாரிகளைத் தொங்கவிடாதீர்கள். தரையில் நிற்கிற சட்டத்தில் நிறுத்தி, முதுகுக்கும் சுவருக்கும் இடையில் இரண்டு அங்குலம் விடுங்கள். பிளைவுட்டுக்குக் கரையான் வந்தால் அந்த இடைவெளியில் தெரியும். சிலிண்டர் வெளியே.

வயரிங்கைப் பற்றி ஒரே வரி: பழையது முழுவதும் போக வேண்டும். மரக் கேசிங்கில் ஓடும் பழைய ரப்பர் வயர் தொட்டால் உதிரும். எர்த் புதிதாகப் போட்டு, மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வையுங்கள். சுவரில் குறுக்குவாட்டில் காடி வெட்டாதீர்கள். வயர்க் குழாய்களை உத்தரத்தின் மேல் ஓடவிட்டு, நிலையின் ஓரமாக நேர்க்கோட்டில் இறக்குங்கள். ஏசி காமிரா உள்ளுக்கும், உங்கள் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் அறைக்கும் போதும். மேலே மச்சுப் பலகை போட்ட அறை என்றால் குளிர் நிற்கும். திறந்த கூடத்தில் ஏசி வைப்பது முற்றத்தைக் குளிர வைப்பதாகும். ஏசியிலிருந்து ஒரு நாளைக்குப் பல லிட்டர் தண்ணீர் சொட்டும். அதைச் சுவரடியில் விட்டுவிட்டு, ஈரம் ஏறுகிறது என்று எனக்கு எழுதியவர்கள் உண்டு.

மாமியாருக்காக இன்னும் ஒன்று. உயரமான நிலைப்படிகளை அறுக்க வேண்டாம். இருபுறமும் மரச்சரிவு செய்து பொருத்தினால் போதும், கழற்றிக்கொள்ளலாம். தாழ்வாரத்திலிருந்து முற்றத்துக்கு இறங்குகிற விளிம்பில்தான் பெரியவர்கள் விழுகிறார்கள், அதுவும் இருட்டில். அந்த விளிம்பு முழுக்க வேறு நிறத்தில் ஒரு பட்டைக் கல் பதித்து, காலடி உயரத்தில் சின்ன விளக்கு போடுங்கள்.

வேலை நடக்கும்போது ஒருவர் வந்து, "இந்தத் தூண் உளுத்துப்போச்சு, நான் எடுத்துக்கிட்டு புதுசுக்குப் பணம் தர்றேன்" என்பார். கொடுக்காதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் போய் அதே மாதிரித் தூணுக்கு என்ன விலை என்று கேட்டுவிட்டு வந்து பிறகு பேசுங்கள். உங்களுக்குக் குறைகிற கதவோ ஜன்னலோ வாங்கவும் அதே தெருதான்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று கான்ட்ராக்ட் விடாதீர்கள். ஓட்டைப் பிரித்துப் பார்க்காமல் எவராலும் நியாயமான விலை சொல்ல முடியாது. சொன்னால் பயத்துக்கும் சேர்த்துச் சொல்வார், இல்லை பாதியில் ஓடுவார். கூரையைத் தனி வேலையாக நாள் கூலியில் முடியுங்கள், பிறகு மற்றதற்கு வேலை வாரியாக விலை பேசுங்கள். கையில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கை வேறு கணக்கில் போட்டு மறந்துவிடுங்கள். மறக்க முடியாதபடி ஏதாவது ஒன்று வரும். பொங்கலுக்குப் பிறகு ஓட்டைப் பிரித்தால் ஆடிக்குள் மூடிவிடலாம். சுவர் காய்வதையும் சேர்த்து ஒரு வருஷம் வையுங்கள்.

காகித வேலை. பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா, பட்டா உங்கள் பெயருக்கு வந்துவிட்டதா, வில்லங்கச் சான்று சரியா என்று பார்க்காமல் ஒரு ஓட்டையும் இறக்காதீர்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள மத்திய அரசுச் சின்னம் ஏதாவது கிட்டத்தில் இருந்தால் 1958-ம் வருஷச் சட்டமும் அதன் 2010-ம் வருஷத் திருத்தமும் உங்களைப் பிடிக்கும். சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கடுத்த 200 மீட்டருக்குள் அனுமதியோடுதான். தாராசுரத்தில் ஐராவதேஸ்வரர் கோவிலைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கு இது மனப்பாடம். 100 மீட்டருக்குள் பழுதுபார்க்கத் தடையில்லை, ஆனால் அதற்கும் அனுமதி வாங்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அப்படிப்பட்ட இடத்தில் வீட்டை இடித்துவிட்டால் திரும்பக் கட்டவே முடியாது. இடிக்கச் சொன்ன என்ஜினீயரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

சகோதரி, இந்த ஐப்பசிக்கு டிக்கெட் போட்டுவிடுங்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த மழையில் எந்த மூலையில் பாத்திரம் வைப்பார்கள் என்று அவருக்குத்தான் தெரியும்.